அம்மா வராத புத்தகம்

தம்பி,

நேற்று போன் பண்ணியபோது, கயலுக்கு அங்கே என்னென்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாய். மாலதி அவளுக்கென்று சின்னதாக ஓர் அலமாரி வாங்கி வைத்திருப்பதாகவும், உங்கள் கல்யாணம் முடிந்து பிள்ளையை ஓசூருக்குக் கூட்டிப் போகும்போது அது காலியாக இருக்கக் கூடாது என்றும் சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இந்த ஒரு வருஷமாக அவளுக்குப் புத்தகம் தேடி அலைந்தவன் நான்தான், நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் இந்தப் புத்தகம், அந்தப் புத்தகம் என்று பெயர் சொல்லி முடிகிற பதில் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். போனில் எனக்கு அவ்வளவு பேச வராது. அதனால் எழுதுகிறேன். மாலதியும் படிக்கட்டும், அவள் படிக்கக் கூடாதது இதில் எதுவும் இல்லை.

செல்வியின் காய்ச்சலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் அவளோடு வந்தவன் நீ. கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோது கயல் காலடியில் உட்கார்ந்து அம்மாவின் மெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். யாரோ தூக்கிக்கொண்டு போகும்வரை அழவில்லை. காரியம் முடிந்ததும் நீ வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, சுவரிலிருந்த செல்வியின் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாய். பாப்பா முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம், சின்னப் பிள்ளை, கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள் என்றாய். உன் முகத்தைப் பார்த்து எங்களுக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. உன் அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வெளியே வரும்போது முகம் கழுவிக்கொண்டு வருவாள். வூட்டில் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பழகிக்கொண்டோம்.

ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். கொஞ்ச நாளிலேயே டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் செராமிக் கம்பெனியில் பேக்கிங் முடித்து அப்படியே போனேன். டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்து, உள்ளே பிள்ளைகளைச் சொல்லச் சொன்னார். 'அ, அம்மா' என்று வகுப்பே கத்தியது. கயல் வாயைத் திறக்கவில்லை. 'ஆ, ஆடு' என்றதும் எல்லாரோடும் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு இலை, ஈட்டி, உரல் எல்லாம் கணீரென்று வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் மறுபடி அந்த ஓர் இடத்தில் மட்டும் மௌனம். படப் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்கிறாள் என்றார் டீச்சர். முதலில் அந்த எழுத்துதான் வரவில்லை என்று நினைத்தாராம். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அந்த வகுப்பில் 'அ, அணில்' என்று மாற்றிவிட்டார். நல்ல மனுஷி. கயல் அன்றைக்கு வூட்டுக்கு வந்து, பையைக் கழற்றாமலே என்னிடம் சொன்னது இதுதான்: "எனக்காகத்தான் தாத்தா மாத்திட்டாங்க. எல்லாரும் என்னியே பாத்தாங்க."

இதை உனக்கு போனில் சொன்னபோதுதான் நீ அந்த ஒரே நிபந்தனையைச் சொன்னாய். அம்மா வருகிற புத்தகம் எதுவும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது. சரி என்றேன். சொல்வதற்கு அது எளிதாக இருந்தது. கடைவீதிப் புத்தகக் கடைக்குப் போய், எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்குப் படக்கதை வேண்டும், ஆனால் அதில் அம்மா வரக் கூடாது என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு கட்டு எடுத்துப் போட்டார். என் கையில் கம்பெனியின் வெள்ளைத் தூசி படிந்திருந்ததால் பக்கங்கள் அழுக்காகாமல் இருக்க ஒரு துணியையும் கொடுத்தார். நின்றபடியே ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கோழிக்குஞ்சு என்றால் பின்னாலேயே தாய்க்கோழி. யானைக்குட்டி வழி தவறினால் தேடி வருவது அம்மா யானை. பையன் பள்ளிக்கூடம் போனால் வாசலில் கையசைப்பது அம்மா. மாம்பழம் தின்கிற கதையில்கூட அதை நறுக்கித் தருவது அம்மாவின் கைதான், வளையல் போட்ட கை மட்டும் படத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் புத்தகத்தில் இத்தனை அம்மாக்கள் இருப்பார்கள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது தம்பி. உனக்கு இதையெல்லாம் வாங்கித் தந்தவனும் நான்தான், அப்போது என் கண்ணில் படவே இல்லை. கடைசியில் ரயில் புத்தகம் ஒன்றும் காய்கறிப் புத்தகம் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தேன். நீயும் ஓசூரிலிருந்து பார்சல் அனுப்பினாய். லாரி, ஜேசிபி, கிரகங்கள், மீன்கள். எல்லாம் வழவழப்பான நல்ல காகிதம்.

அவள் அதை வைத்தே படிக்கக் கற்றுக்கொண்டாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெண்டைக்காயும் முருங்கைக்காயும் கூட்டிக் கூட்டிப் படித்தாள். பஸ்ஸில் போனால் போர்டு எல்லாம் படிப்பாள். வேப்பூர், நல்லூர், மங்களூர் என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் படித்துவிட்டு, மூன்றிலும் 'ஊர்' இருக்குது என்று தானே கண்டுபிடித்தாள். ஒருநாள், நாம் வூடு என்று சொல்கிறோம், புத்தகத்தில் மட்டும் ஏன் வீடு என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள். பேசுவது ஒரு மாதிரி, எழுதுவது ஒரு மாதிரி என்றேன். அப்படியென்றால் புத்தகத்தில் இருப்பது வேறு யாருடைய வூடோ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். படிப்பு வந்துவிட்டது, ஆனால் படிப்பதில் ஓர் ஆசை வரவில்லை. சொன்னால் எடுப்பாள், படிப்பாள், மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். ரயில் புத்தகத்தில் எஞ்சின், பெட்டி, சிக்னல் எல்லாம் இருந்தது. "இந்த ரயிலுல யாருமே போவலியா தாத்தா?" என்று கேட்டாள். பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் காலியாகத்தான் வரைந்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பேப்பர் பார்க்க நூலகத்துக்குப் போகும்போது அவளையும் கூட்டிப் போனேன். பிள்ளைகள் புத்தகம் ஒரு மூலையில் தாழ்வான தட்டில் இருக்கும். நான் பேப்பரில் பாதி படித்திருப்பேன், அவள் ஓர் அட்டை இல்லாத மெல்லிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு பூனைக்குட்டி. அதன் அம்மா இரை தேடப் போயிருக்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது, குட்டி ஜன்னலில் உட்கார்ந்து காத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரிதான், பெரிய எழுத்து. எல்லாப் பக்கத்திலும் கடைசியில் 'பூனைக்குட்டி மழையைப் பார்த்தது' என்று வரும். நீ சொன்னது ஞாபகம் வந்து, வேறு நல்லதாக எடுத்துக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடுங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. வூட்டுக்கு எடுத்து வந்தோம்.

அன்றைக்கு அவள் வாய்விட்டுப் படித்த மாதிரி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வரி வரும்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொல்வாள், யாரும் சொல்லித் தரவில்லை. கடைசிப் பக்கத்தில் அம்மா பூனை நனைந்து போய் வந்து நிற்கிறது. 'அம்மா வந்தது' என்று இருக்கிறது. உன் அம்மாவும் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவள் அந்த இரண்டு சொல்லையும் தெளிவாகப் படித்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம், "இந்தப் பூனையோட அம்மாவுக்குக் காய்ச்சல் வரல இல்ல, அதான் வந்துடுச்சு" என்றாள். குரலில் அழுகையே இல்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்த மாதிரி சொன்னாள். நாங்கள்தான் உடைந்து போனோம். பிறகு அதையே திரும்பத் திரும்பப் படித்தாள், தவணை முடிந்தபோதெல்லாம் நான் நூலகத்தில் புதுப்பித்து எடுத்து வந்தேன். காலையில் பல் விளக்கும் முன்பே கையில் எடுத்துவிடுவாள். சில நாள் கழித்து, நான் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது வந்து நின்றாள்.

"தாத்தா, அம்மா செத்துப்போன புக்கு இருக்குதா?"

"எதுக்கு பாப்பா?"

"அந்தப் பாப்பா அப்புறம் என்னா பண்ணுச்சுன்னு பாக்கணும்."

அதையும் தேடினேன் தம்பி. அம்மா இல்லாத புத்தகம் கேட்ட அதே கடைக்குப் போய், அம்மா செத்துப்போகிற புத்தகம் கேட்டேன். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் யார் போடுவார்கள், பயந்துவிடுமே என்றார் கடைக்காரர். நூலகத்துப் பெண்ணும் தட்டு முழுவதும் இறக்கித் தேடினார். ராஜகுமாரியின் தாய் முதல் வரியிலேயே இறந்துபோகிற கதைகள் இருந்தன. ஆனால் அதில் அடுத்த வரியிலேயே கெட்ட சித்தி வந்துவிடுகிறாள். அந்தப் பிள்ளை அழுததா, யார் தலை வாரிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. சித்திக் கதைகளை நான் எடுக்கவில்லை. அப்போது உன் கல்யாணப் பேச்சு எதுவும் இல்லை, இருந்தாலும் எடுக்கவில்லை. கம்பெனியில் புத்தகம் படிக்கிற ஆட்கள் இரண்டொருவர் உண்டு, அவர்களையும் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. எங்கேயாவது யாராவது எழுதியிருப்பார்கள். என் கைக்குக் கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு வந்ததால் அவளே என்னைக் கேட்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஊசி போட்டார்களா, வலித்ததா, ஆஸ்பத்திரியில் ஜன்னல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அம்மா என்னைக் கேட்டாங்களா என்றாள். இது உனக்கும் தெரியாது, சொல்கிறேன். நீ மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரம், செல்வி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பாப்பா சாப்டுச்சா மாமா?" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் அவள் எதுவும் பேசவில்லை. இதைக் கயலிடம் சொன்னேன்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சாப்டுச்சும்மான்னு சொன்னேன்."

"என்னா சாப்டேன்னு சொன்னீங்களா?"

"இட்லின்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து விளையாடப் போய்விட்டாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று டீச்சர் சொன்னார்.

மாசி மகத்துக்கு நீ வந்தாய். தேர் பார்த்துவிட்டு வந்து நீ கூடத்தில் படுத்திருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், எதைப் படிக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. நீயும் கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். பூனைக்குட்டி மழையைப் பார்த்தது, பூனைக்குட்டி மழையைப் பார்த்தது என்று உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். நீ முதலில் சிரித்தாய். இவ்வளவு நன்றாகப் படிக்கிறாளே என்று உன் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் சொன்னாய். கடைசிப் பக்கம் வந்தது. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் நீ எழுந்து தெருவுக்குப் போய்விட்டாய். செருப்புகூடப் போடவில்லை. திரும்பி வந்து என்னிடம், "நான் ஒண்ணே ஒண்ணுதானேப்பா சொன்னேன்" என்றாய். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஊருக்குப் போகிற அன்றைக்கு அந்தப் புத்தகத்தை நீயே நூலகத்தில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாய்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பெண்டாட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு காரியம் முடிந்த கையோடு மிஷினுக்கு முன்னால் போய் நின்றவன் நீ. அந்தச் சொல்லை அந்தக் குரலில் கேட்க உன்னால் முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது புரிந்தது. ஆனால் பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. அதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது.

நீ போனதற்கு அப்புறம் அவள் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள். எங்களுக்குப் படித்துக் காட்டுவதில்லை. கேட்டால், மனசுக்குள்ளயே படிச்சிட்டேன் என்பாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாள், உதடு மட்டும் அசையும், யாராவது வந்தால் அதுவும் நின்றுவிடும். கொஞ்ச நாளில் உதடு அசைவதும் போய்விட்டது, கண் மட்டும் நகரும். இந்த வயதில் சத்தமில்லாமல் படிக்க வருவது பெரிய விஷயம் என்று டீச்சர் மெச்சிக்கொண்டார், மற்றப் பிள்ளைகளெல்லாம் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்களாம். நானும் சரிங்க டீச்சர் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவள் ஏன் அதைக் கற்றுக்கொண்டாள் என்று டீச்சரிடம் எப்படிச் சொல்வது? நூலகத்துக்குப் போனால் அந்தப் பூனைப் புத்தகத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று படித்து முடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். வூட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று நான்தான் கேட்பேன். வேண்டாம் என்பாள். அப்பா வந்தாலும் வருவாங்க என்பாள்.

சித்திரையில் மாலதி அவள் வூட்டு ஆட்களோடு பிள்ளையைப் பார்க்க வந்தபோது நடந்ததை நீ கவனித்தாயோ என்னவோ. அவள் சித்தப்பாவோ யாரோ ஒருத்தர் கயலைப் பக்கத்தில் இழுத்து, அம்மான்னு கூப்பிடு பாப்பா என்றார். கயல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்ற மாதிரியே இருந்தது. மாலதிதான், "இப்ப ஒண்ணும் கூப்பிட வேணாம். வா, ஒங்க வூட்டச் சுத்திக் காட்டு" என்று கையைப் பிடித்து எழுந்து போனாள். அந்தப் பெண்ணிடம் பிள்ளையை அனுப்ப எனக்குப் பயமில்லை. நாளைக்கு என்றைக்காவது கயல் அவளை அப்படிக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். ஆனால் வூட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று மூடி வைத்த சொல்லை ஒரு பிள்ளை எப்படி எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கும்? யோசித்துப் பார்.

புத்தகம் வாங்குவதைக் கேட்டாய். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பக்கத்துக்கு இரண்டு வரி போதும், ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அவளுக்குப் பிடிக்கும். படத்தில் ஆட்கள் இருக்கட்டும். தப்பாகப் படித்தால் உடனே திருத்தாதே, கொஞ்சம் பொறு, அவளே திரும்பி வந்து சரிசெய்துகொள்வாள். இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்காதே, அவள் தெரிந்துகொண்டதை நம்மால் தாங்க முடியாமல் போகலாம். ஒன்றையே பத்துத் தடவை படித்தால் வேறு எடு என்று சொல்லாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, அலமாரியை நீ நிரப்பாதே. கடைக்குக் கூட்டிப் போய் விட்டுவிடு. அவள் எடுக்கிற புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்காதே. செல்வியின் படம் இங்கே பெட்டியில்தான் இருக்கிறது. அனுப்பட்டுமா என்று நான் கேட்கவில்லை. மாலதியிடம் பேசிவிட்டு நீயே சொல்.

பிள்ளை போனபிறகு இந்த வூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா இப்போதே அவள் சட்டைகளைத் துவைத்ததையே துவைத்துக்கொண்டிருக்கிறாள். அது எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நேற்று உன் போன் வந்த பிறகு, ஓசூருக்கு எந்தெந்தப் புத்தகம் எடுத்துக்கொள்கிறாய் என்று கயலைக் கேட்டேன். அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"அங்க சத்தமாப் படிக்கலாமா தாத்தா?"

"அப்பாவக் கேட்டுச் சொல்றேன் பாப்பா" என்றேன்.

கேட்டுவிட்டேன் தம்பி. பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவளிடமே சொல்.

அப்பா